கல்லின் கை

உட்காருங்க. அந்த மூட்டை மேல் வேண்டாம், அது விதைச் சோளம். இந்த முக்காலியில் உட்காருங்க. எழுந்து வரவேற்கவில்லைன்னு நினைக்காதீங்க, மடி நிறைய கதிர் கிடக்கிறது, எழுந்தால் எல்லாம் உருண்டு ஓடும். முதுகில் பிள்ளை வேறு. மூணு வயசாகப் போகிறது, இன்னும் துணியில் கட்டிச் சுமந்தால்தான் தூங்குவேன் என்கிறாள். இப்போதுதான் கண்ணை மூடினாள். மெதுவாகப் பேசுங்க. பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தோன்யா தோமாசாவைத்தானே பார்க்க வந்தீங்க? எல்லாரும் அவளைத்தான் பார்க்க வருகிறார்கள். அவள் இல்லை. மேலூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள்னு கேட்காதீங்க, என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. நான் அவள் தம்பி பெண்டாட்டி. எர்லிந்தா. உங்களுக்கு என் பேர் தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதும் இல்லை.

அந்த மிஷினைப் பைக்குள்ளேயே வையுங்க. சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ஒரு கோடை முழுக்க அந்த விளக்கு இந்த அடுப்பங்கரையில் எரிந்தது. என் முகத்தையும் பார்க்காதீங்க, சோளத்தைப் பாருங்க. யாராவது முகத்தைப் பார்த்தால் என் நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றதும் அதனால்தான். டீச்சர் கேள்வி கேட்பாள், நான் தரையைப் பார்ப்பேன். இப்போது நீங்கள் சோளத்தைப் பார்க்கிறீங்க, நானும் சோளத்தைப் பார்க்கிறேன், அதனால் பேச்சு வருகிறது. வரட்டும். நாளைக்குக் காலைப் பஸ்ஸில் நான் போய்விடுவேன், அப்புறம் யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்?

ஆமா, போகிறேன். கீழே, கடற்கரைப் பக்கம், என் அம்மா வீட்டுக்கு. என் புருஷன் எவெலியோவும் அங்கேதான் காப்பி எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறான். துணியெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது, அதோ கதவுக்குப் பின்னால். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். இவள் பேர் நிதியா. இவள் போய்விட்டால் தோமாசா தன் வாயைக் கோழிகளிடம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாய்னு ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் பேச்சுக்கு அதுதான் பேர். 'நம்ம வாய்'. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாயா வம்சத்து மொழி, இந்த மலையை விட்டால் குவாத்தமாலாவில் வேறு எங்கேயும் கிடையாது, பேசத் தெரிந்தவர்களை இரண்டு கையில் எண்ணிவிடலாம், அப்படியெல்லாம் உங்களுக்கு முன்னால் வந்தவள் சொன்னாள். எனக்கு அந்த வாய் ஒரு சொல்லும் தெரியாது. நான் காஸ்திய்யா, உங்கள் ஊரில் ஸ்பானிஷ் என்பீங்களே, அது பேசுகிறவள். என் அப்பா அம்மா எஸ்டேட்டில் வேறு எந்த வாயும் பேசியதில்லை. தொண்டைக்குள் சோளம் பொரிகிற மாதிரி டக் டக்குன்னு வெடிக்கிற அந்தப் பேச்சு எனக்கு எதற்கு? நான் கேட்டேனா? கேட்கவில்லை.

கொடுக்கவும் இல்லை.

கதிரைக் காலால் தள்ளிவிடாதீங்க, அது இன்னும் உதிர்க்காதது.

சொல்கிறேன், கேளுங்க. இந்த வீட்டில் ஒரு வழக்கம். மருமகளாக வருகிறவளோடு எடுத்த எடுப்பில் யாரும் 'நம்ம வாய்'ல பேசமாட்டார்கள். காஸ்திய்யாவில்தான் பேசுவார்கள், விருந்தாளியோடு பேசுகிற மாதிரி. ஒரு நாள் அம்மிக்கல்லை அவளுக்குக் கொடுப்பார்கள். வீட்டின் பெரியவள் கல்லைத் தூக்கிவந்து அடுப்புக்கு முன்னால் வைப்பாள். வந்தவள் குழவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குழவிக்கு அவர்கள் 'கல்லின் கை' என்பார்கள். கல்லை வைத்துவிட்டுப் பெரியவள் சில சொற்கள் சொல்வாள். அன்றிலிருந்து கல் அவளுடையது, வாயும் அவளுடையது. அதற்கு முன்னால் அவளிடம் அந்த வாயில் ஒரு சொல் பேசினாலும் குற்றம்.

என் மாமியார் நான் வருவதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே செத்துப்போனாள். அப்போது பெரியவள் தோமாசாதான். கல்யாணம் ஆகாதவள், தம்பியை வளர்த்தவள், பன்றி அறுத்து விற்கிறவள். ஊரே மரியாதையாகத் தோன்யா தோமாசான்னு எழுந்து நின்று வழிவிடும். எனக்குக் கல் கொடுக்க வேண்டியது அவள்தான். கொடுத்தாளா? நான் வந்தபோது வயிற்றில் பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கல் கொடுக்கக் கூடாது, கர்ப்பம் இறங்கிவிடும் என்றாள். சரின்னு இருந்தேன். பிள்ளை பிறந்தது. பால் குடி மறக்கட்டும் என்றாள். சரின்னு இருந்தேன். அப்புறம் அந்த ரெபேக்கா வந்துவிட்டாள், உங்களுக்கு முன்னால் வந்தவள்.

அதுவரைக்கும் தோமாசா எப்படி இருந்தாள் தெரியுமா? அந்த வாய் பேச அவளுக்கு ஆளே இல்லை. எவெலியோ பேசமாட்டான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அந்த வாயில் பேசினதற்காகச் சோள முத்தைத் தரையில் கொட்டி அது மேல் முட்டி போடவைத்தார்களாம். இன்றைக்கும் அக்கா எதைக் கேட்டாலும் காஸ்திய்யாவில்தான் பதில் சொல்வான். அதனால் அவள் பன்றியிடம் பேசினாள். கோழியிடம் பேசினாள். அடுப்பிடம் பேசினாள், ஏன் புகைகிறாய்ன்னு. அறுக்கப்போகிற பன்றியிடம்கூட உட்கார்ந்து சமாதானம் சொன்னாள், நான் என் காதால் கேட்டேன். என்னிடம் பேசவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் "ஏ, கீழ்நாட்டுக்காரி". அதுவும் காஸ்திய்யாவில்.

ரெபேக்கா தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தாள். அறுவடை முடிந்ததும் வந்தவள், மழை பிடிக்கும்வரை இங்கேயே தங்கினாள். நல்லவள்தான்னு எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைக்கு ஷூ வாங்கிவந்தாள். அந்த ஷூவைப் போட்டால் பிள்ளை வாத்து மாதிரி நடந்தது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன். காலையில் எழுந்ததும் மிஷினைப் போடுவாள். நான் ரொட்டி தட்டுகிற சத்தம்கூட அதற்குள் போயிருக்கும்.

என்ன வேலை செய்தாள்னு நினைக்கிறீங்க? ஒரு பாட்டில். காலிச் சோடா பாட்டில். அதை நிறுத்திவைத்து, இது எப்படி இருக்கிறது என்பாள். தோமாசா ஒரு சொல் சொல்வாள். படுக்கவைத்துக் கேட்பாள், வேறு சொல். சுவரில் சாய்த்துக் கேட்பாள், வேறு சொல். கவிழ்த்து, தொங்கவிட்டு, இடுக்கில் செருகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். ஒரு பகல் முழுக்க. கடைசியில் தோமாசா, குடித்திருப்பது உன் பாட்டிலா நீயான்னு கேட்டாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதை அந்த வாயில்தான் சொன்னாள். எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதீங்க. பாட்டிலையும் சிரிப்பையும் பார்த்தால் தெரியாதா?

அப்புறம் எண்ணிக்கை. அந்த வாயில் ஒரே இரண்டு எல்லாவற்றுக்கும் ஆகாது. தட்டை ரொட்டிக்கு ஒரு இரண்டு, உருண்டை எலுமிச்சைக்கு ஒரு இரண்டு, மனுஷருக்கு வேறே இரண்டு. ரெபேக்கா அதைக் கேட்டுக் கையைத் தட்டினாள். எனக்கு ஒரே இரண்டு போதும். ஒரு நாள் அவள், இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்னு கேட்டாள். நான் இங்கே, இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தோமாசா மனுஷருக்கான எண்ணில் மூன்று என்றாள். மூன்று! நாங்கள் நாலு பேர். தோமாசா, எவெலியோ, பிள்ளை, நான். எவெலியோ அப்போது எஸ்டேட்டில் இருந்தான், மாசக்கணக்காக வரவே இல்லை, அது வேறு விஷயம். வீட்டு ஆள் இல்லாமல் போய்விடுவானா? மூன்று என்றால் விட்டுப்போனது யார்? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

அதே ரெபேக்கா ஒரு தடவை என்னைப் பார்த்து, உனக்கு ஏதாவது சொல் வருமா எர்லிந்தான்னு அன்பாகத்தான் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். தோமாசா அந்த வாயில் பதில் சொன்னாள், "கட்டியிருக்கிறது வாய், இந்தப் பானைக்கு"ன்னு. வாய் கட்டின பானையாம் நான். இன்னும் என்னவோ சொன்னாள், உள்ளே இருப்பது கெடாமல் இருக்கத்தான் வாயைக் கட்டுவது, அப்படி ஏதோ. எனக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது.

இருங்க, பிள்ளை அசைகிறாள். ...இல்லை, தூங்குகிறாள்.

இப்போது நான் சொல்லப்போவதை உங்கள் மிஷின் இல்லாமல் கேளுங்க. மழைக்குக் கொஞ்சம் முன்னால், ரெபேக்கா மூட்டை கட்டுகிற வாரம். நான் குழாயில் இருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன். வீட்டின் வாயில் நிற்கிறேன். அவர்கள் கதவுக்கு அப்படித்தான் சொல்வார்கள், வீட்டின் வாய். உள்ளுக்கு வீட்டின் வயிறு. வாயில் நின்று வயிற்றைப் பார்க்கிறேன். அடுப்புக்கு முன்னால் அம்மிக்கல். பக்கத்தில் தோமாசா, விசேஷத்துக்குக் கட்டுகிற சிவப்புப் பாவாடையில். எதிரில் அந்த ரெபேக்கா, கல்லின் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மிஷின் அலமாரி மேல், சிவப்பு விளக்கோடு.

தலையில் குடம். இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை நான்.

தோமாசா சொன்னாள். "அரை, பிள்ளைகளுக்கு. பேசு, எங்களோடு. இரு, இந்த வீட்டின் வயிற்றில்..." அந்த வாயில் வேலைதான் முதலில் வரும், செயல்தான் முதலில், ஆள் கடைசியில்தான் வருவாள். யாரைச் சொல்கிறார்கள்னு தெரிய முடிவுவரை காத்திருக்க வேண்டும். கடைசியாக ஒரு சொல் வர வேண்டும். தம்பி பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சொல். அவர்கள் வாயில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு. அதைத் தோமாசா சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். ரெபேக்கா, அப்புறம், அப்புறம் என்றாள். தொண்டையில் என்னவோ சிக்கிக்கொண்டது என்றாள் தோமாசா. அந்தச் சொல்லை மிஷினுக்குச் சொல்ல முடியாது, ஆள் வேண்டும் என்றாள். திரும்பினாள். வாயில் நான்.

மிஷினுக்காகத்தான், விளையாட்டுக்குத்தான், வழக்கம் எப்படின்னு காட்டத்தான்னு ரெபேக்கா ஓடிவந்து சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அது வேண்டாம். ஒரு நாள் அந்தக் கல்லில் அரைத்திருப்பாளா அவள்? சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தைத் தொட்டிருப்பாளா? எனக்குக் கொடுக்காத கல்லில் கால் ஒடிய மண்டிபோட்டு அரைக்க நான், நெஞ்சோடு கல்லின் கையை அணைத்துக்கொண்டு நிற்க அவள். சொன்னது சொன்னதுதானே. கொடுத்தது கொடுத்ததுதானே. தோமாசாவுக்கும் அது தெரியும். தெரியாவிட்டால் அன்றிலிருந்து அந்தக் கல்லில் ஏன் ஒரு பிடி மாவுகூட அரைக்கவில்லை? கல்லைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். அவ்வளவுதான். நான் எடுக்கப் போனேன், தொடாதே, இப்போது இது யார் கல்லும் இல்லை என்றாள். சோளத்தை மில்லுக்குத்தான் கொண்டுபோகிறோம். ரெபேக்கா மழையோடு மழையாகப் போய்விட்டாள். கல் மட்டும் அவளுக்காகச் சாய்ந்தே கிடந்தது.

எனக்கு அப்போதே இந்த வீடு விட்டுப்போச்சு.

ஆனால் பிள்ளை. பிள்ளைக்கு வழக்கம் கிடையாது பாருங்க. இந்த வீட்டில் பிறந்தது என்றால் வாய் தன்னாலே அதற்கு உண்டு. ரெபேக்கா போனதும் தோமாசா பன்றியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் இருந்து இரண்டும் டக் டக் டக். நான் ரொட்டி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் முதுகில் கிடந்துகொண்டு என் பிள்ளை என் தலைக்கு மேலால் அவளோடு பேசும். பூனை கூரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதாம், குட்டி அதன் வயிற்றில் உருண்டு கிடக்கிறதாம். நான் பெற்ற பிள்ளை. தண்ணீர் வேண்டும்னு அவளைக் கேட்கிறது. நான் எடுத்துக் கொடுத்தால், அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததுன்னு அவளிடமே கேட்கிறது. தோமாசா என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் பஸ். அங்கே போய்விட்டால் என் அம்மா காஸ்திய்யாவில் பேசுவாள், எவெலியோ காஸ்திய்யாவில் பேசுவான், பிள்ளையும் மறந்துவிடும். இந்த வயசில் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் போய்விடும். அப்போது இங்கே எண்ணிக்கொள்ளட்டும் அவள், எத்தனை பேர் சாப்பிடுகிறோம்னு. ஒன்றை எண்ண எந்தச் சொல்லாக இருந்தால் என்ன?

நான் அவளிடம் சொல்லவில்லை. விடிந்து பஸ் ஏறும்போது தெரிந்தால் போதும்னு இருந்தேன். ஆனால் இந்த வாயாடி இருக்கிறாளே. இன்றைக்குக் காலையில் நான் துணி கட்டுவதைப் பார்த்துவிட்டு நேராக அவளிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "போகிறோம், பஸ்ஸில், அம்மாவும் நானும். கிடக்கிறது மூட்டையாய், அம்மா துணி"ன்னு. அந்த வாயில் கேள்விப்பட்டதைச் சொன்னால் நுனியில் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிட வேண்டும். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதற்கு. பிள்ளை அதை ஒட்டவில்லை. கண்ணால் கண்டேன்னு சொல்கிற மாதிரியே சொன்னாள். தோமாசா பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

அழுதாளா? திட்டினாளா? ஏன் போகிறாய்ன்னு ஒரு வார்த்தை? கையைக் கழுவினாள். உள்ளே வந்தாள். சுவரில் சாய்ந்திருந்த கல்லை முதுகில் ஏற்றி, சுமை தாங்குகிற தோல் பட்டையை நெற்றியில் மாட்டி, நடையைக் கட்டினாள். நான் இதே இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் நானும் என் பிள்ளையும் அவளுக்கு.

எங்கே போனாள்னு கேட்கிறீங்களா? கல் கொத்த. சந்தை நாளில் மேலூருக்குக் கல் கொத்துகிறவர் வருவார். தேய்ந்த கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவார். இன்றைக்குக் கொத்துவானேன்? அரைக்கவா? இந்த வீட்டில்தான் மில் மாவாயிற்றே. எவெலியோ ஒரு தடவை சொல்லியிருக்கிறான், கொத்தின கல் புதுக் கல்தான், முன்னால் யாருக்குக் கொடுத்திருந்தாலும் தூளோடு தூளாகப் போய்விடும், அதனால் யாருக்காவது கொடுக்கிறதற்கு முன்னால் கொத்தித்தான் கொடுப்பார்கள்னு. அப்படியானால் ரெபேக்காவுக்குக் கொடுத்ததை அழிக்கிறாள். அழித்து யாருக்குக் கொடுக்கப்போகிறாள்?

உங்களுக்குத்தான். முழிக்காதீங்க. நகராட்சியில் இருந்து ஆள் வந்து போன வாரமே சொல்லியாச்சு, ஒருத்தர் வருகிறார், இந்தப் பேச்சைப் பதிவு பண்ணுவார், பழைய சாமான்களையும் பார்ப்பார், மியூசியத்துக்குன்னு. நீங்கள் வருகிற நாளாகப் பார்த்து அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் நாலாம் வகுப்புதான், ஆனால் இதுகூடவா புரியாது? நாளைக்கு நீங்களும் கல்லின் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்பீங்க. சிவப்பு விளக்கு எரியும். நில்லுங்க. நன்றாக நில்லுங்க. பார்க்க நான் இருக்க மாட்டேன்.

எடுத்துக்கொண்டு போங்க, எனக்கென்ன? ஆனால் ஒன்று, அவள் கல்லை மட்டும்தான் தூக்கிப்போயிருக்கிறாள். கல்லின் கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இதோ, என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது பாருங்க. காலையில் இது அலமாரி மேல் இருந்தது. எடுத்து இங்கே, நான் உட்கார்கிற பாய் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவசரத்தில் மறந்திருப்பாள். கை இல்லாத கல்லை வைத்துக்கொண்டு உங்கள் மியூசியத்தில் என்ன செய்வார்கள்? அதைத் தொடாதீங்க. தொடாதீங்கன்னு சொன்னேன். நான் உதிர்த்து முடிக்கிறவரை அது இங்கேயே கிடக்கட்டும்.

நாய் குரைக்கிறது. அவளாகத்தான் இருக்கும். போங்க, போய் வாயில் நில்லுங்க, கனத்தோடு வருகிறாள், ஒரு கை பிடியுங்க. உங்கள் சாமான்தானே.

கூப்பிடுகிறாள், கேட்கிறதா? அந்த வாயில்தான் கூப்பிடுகிறாள். பிள்ளையைத்தான் கூப்பிடுவாள், தூங்குகிறது தெரியாமல். எடு என்கிறாள். எடுத்துக்கொண்டு வா, கல்லின் கையை என்கிறாள். இந்தக் கனத்தைப் பிள்ளை எப்படித் தூக்கும், புத்தி இருக்கிறதா அவளுக்கு? வந்து நில், வீட்டின் வாயில் என்கிறாள். இருங்க, இன்னும் முடிக்கவில்லை, ஆள் கடைசியில்தான் வரும், யாரைன்னு... அந்தச் சொல். அன்றைக்குத் தொண்டையில் சிக்கின சொல், அதைத்தான் சொல்கிறாள், திரும்பவும் சொல்கிறாள், அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யார், கொஞ்சம் தள்ளுங்க, சோளம் கொட்டினால் கொட்டட்டும், நான் இந்தக் கையை எடுத்துக்கொண்டு